முதலில் நிற்கப் பழக வேண்டும்

வணக்கம் நேயர்களே. என்னைக் கதைக்கக் கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. கிளிநொச்சியில் ரேடியோ, போன், தண்ணீர் மோட்டார் என்று கையில் கிடைப்பதைத் திருத்துகிறவன் நான். ரிமோட் ஹெலிகொப்டர் பற்றி என்னிடம் கேட்பதற்குக் காரணம், பள்ளிக்கூட விடுமுறை வந்தால் என் மேசைக்கு வரும் சாமான்களில் இப்போது அதுவும் ஒன்று. கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ மாமா வந்திருப்பார். பெட்டி பிரித்த அன்று பின்னேரமே ஹெலி பனையில் மோதியோ கிணற்றுக்கட்டில் அடிபட்டோ என்னிடம் வந்துவிடும். "புதுச் சாமான் அண்ணை, ஒருக்காத்தான் எழும்பினது" என்று பொடியன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான்.

சாமானில் பெரும்பாலும் பிழை இருக்காது. ஹெலியை எழும்ப வைக்க ஐந்து நிமிடத்தில் யாரும் பழகலாம். எழும்பியதை ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் வித்தை. இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசிப் படிப்பு அதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். நின்று பழகாமல் பறக்கப் போகிறவர்கள்தான் எனக்கு வேலை தருகிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு சொல். சந்தையில் பொதுவாக மூன்று வகை ஹெலி உண்டு. ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு விசிறி, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும் குட்டி ஹெலி முதலாவது. வீட்டு விறாந்தையில் விடலாம். ஆள் கொஞ்சம் அசந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே கொண்டுவந்தால் வேலிக் கதியாலை அசைக்கும் காற்றே அதை அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டாவது வகைக்கு மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். மூன்றாவது வகையில் மோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், சிறகுகளின் சாய்வுதான் கூடிக் குறையும். மனிதரை ஏற்றும் உண்மையான ஹெலிகொப்டரும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. தலைகீழாகப் பறக்கவிட்டு வித்தை காட்டுகிற காணொளிகளில் நீங்கள் பார்ப்பது இந்த மூன்றாவது வகைதான். அதைப் பார்த்துவிட்டு அதையே முதலில் வாங்குவதுதான் காசைக் கரியாக்கும் குறுக்குவழி. இரண்டாவது வகையில் சின்னதாக ஒன்று வாங்கிப் பழகிவிட்டு மூன்றாவதுக்குப் போங்கள் என்றே நான் சொல்வேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள், சண்டைக்கு வரவேண்டாம்.

"ட்ரோன் வாங்கலாமே?" என்று கேட்பீர்கள். வாங்கலாம். கையை எடுத்துவிட்டாலும் ஜி.பி.எஸ் உள்ள ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும், படம் பிடிக்கும். படம் பிடிக்க வேண்டுமென்றால் அது போதும். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. கை செய்ய வேண்டிய வேலையை எல்லாம் உள்ளே இருக்கும் கணினி செய்துவிடுகிறது.

ஹெலி ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் அந்தச் சின்ன விசிறி. வால் விசிறி பக்கவாட்டில் தள்ளுகிறபடியால் இன்னொரு சிக்கல் வருகிறது. அது உடம்பு திரும்புவதைத் தடுக்கும், ஆனால் முழு ஹெலியையும் கொஞ்சம் பக்கத்துக்குத் தள்ளும். மேலே இருந்து பார்த்தால் பெரும்பாலான மாதிரி ஹெலிகளின் விசிறி கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றும். அப்படியானவை தரையை விட்டு எழும்பும் கணத்தில் இடப்பக்கம் வழுக்கும். சாமான் பழுது என்று பொடியன்கள் கொண்டுவருவதில் பாதி இதுதான். பழுது ஒன்றும் இல்லை, எழும்பும்போதே ரிமோட்டின் ஸ்டிக்கை வலப்பக்கம் மெல்லக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹெலிகொப்டர் செய்த பொறியியலாளர் இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டெம்பர் 14 அன்று தன் வி.எஸ்-300 ஹெலிகொப்டரை முதன்முதலில் எழுப்பியபோது அதைக் கயிற்றால் தரையோடு கட்டி வைத்துத்தான் எழுப்பினார். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தப் பயம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் உங்கள் ஹெலிக்குக் கயிறு கட்டிவிடாதீர்கள். சின்ன ஹெலி கயிறு இழுபட்ட உடனே குப்புற விழும். நமக்கு இருக்கும் வழி வேறு. பாதத்தின் கீழே நான்கு நீளக் கம்பிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பந்து பூட்டிய பழகுகால் கடைகளில் கிடைக்கும். சரிந்து இறங்கினாலும் விசிறி நிலத்தில் அடிக்காது. ரிமோட் ஹெலியை ஒழுங்காகப் பறக்க வைத்த முன்னோடி என்று ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டரைச் சொல்வார்கள். அது 1960களின் கடைசி. அந்தக் காலத்து ஹெலிகளில், உடம்பு திரும்புவதை உணர்ந்து வாலைச் சரிசெய்யும் ஜைரோ என்ற கருவி கிடையாது, வாலை விரலாலேயே பிடித்து வைக்க வேண்டும். இப்போது நகத்தளவு ஜைரோ அந்த வேலையைச் செய்கிறது. நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சரி, பழகுவது எப்படி? முதலில் கணினியில். ஹெலி பறக்கவிடும் சிமுலேட்டர்கள் உண்டு, உங்கள் சொந்தக் கொன்ட்ரோலரையே யூ.எஸ்.பி வயரால் கணினியில் பூட்டிப் பழகலாம். அங்கே விழுந்தால் ஒரு பொத்தானை அமத்தினால் புது ஹெலி வரும். பிள்ளை கணினியில் மினக்கெடுகிறான் என்று அம்மாமார் ஏசுவார்கள், இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். இரண்டு ஸ்டிக்கும் எந்த ஒழுங்கில் வேலை செய்கிறது என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். பெட்டியோடு வருபவற்றில் அநேகமானவை இரண்டாம் முறையில் இருக்கும், அதாவது ஏற்ற இறக்கமும் வாலும் இடக்கையில். ஒன்றில் பழகிய விரலை மற்றதுக்கு மாற்றுவது பெரும் பாடு.

பிறகு நிலத்துக்கு வரலாம். ஹெலியின் வால் உங்களைப் பார்த்தபடி, மூக்கு அங்காலே பார்த்தபடி வையுங்கள். நீங்கள் ஐந்து மீற்றருக்குக் குறையாமல் பின்னால் நில்லுங்கள். இந்த நிலையில் உங்கள் வலம்தான் அதன் வலம், குழப்பம் இல்லை. மெல்ல எழுப்புங்கள். தரையோடு தரையாக, ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று எல்லாருமே நினைப்பார்கள். அங்கேதான் அது அதிகம் துள்ளும். விசிறி கீழே தள்ளும் காற்று நிலத்தில் பட்டு மேலே திரும்பி வந்து அதையே அலைக்கழிக்கும். விசிறியின் அகலத்தளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அமைதியாகிவிடும். பழகுகாலோடு முழங்காலுக்கு மேலே கொண்டுபோங்கள், கை உறுதியானதும் இடுப்பளவுக்கு.

இனி நிற்க வைக்கும் வேலை. உள்ளங்கையில் ஈர்க்கைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள், அதே கைவேலைதான். ஈர்க்கு சரிந்த பிறகு கையை நகர்த்தினால் காரியம் கெட்டது, சரியப் போகிறது என்று தெரியும்போதே நகர்த்த வேண்டும். ஹெலி வலப்பக்கம் போகத் தொடங்கினால் இடப்பக்கம் கொஞ்சம் கொடுத்து, அது நிற்கும் முன்பே ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் அது மறுபக்கம் ஓடும், பிறகு நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். விரல் அசைவு சின்னதாக இருக்கட்டும், அடிக்கடி இருக்கட்டும். இன்னொன்று, கண் எப்போதும் மூக்கில் இருக்க வேண்டும். வாலைப் பார்த்துத் திருப்பப் போனால் நினைத்ததுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

வால் பக்கம் வசமானதும் ஹெலியின் மூக்கைக் கொஞ்சம் பக்கத்துக்குத் திருப்பி வைத்துப் பழகுங்கள், பிறகு முழுப் பக்கவாட்டில், கடைசியாக மூக்கு உங்களைப் பார்த்தபடி. அந்தக் கடைசி நிலைதான் கழுத்தறுப்பு, இட வலம் மாறிவிடும். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. மூக்கு உங்களைப் பார்க்கும்போது ஹெலி உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அதைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு. மூளை யோசித்து முடிக்கும் முன் விரல் செய்துவிட வேண்டும். அதற்கு நாள் எடுக்கும், அவசரப்பட ஒன்றுமில்லை.

எப்போது, எங்கே விடலாம்? எங்கள் பக்கத்தில் மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் சோளகக் காற்று அடிக்கிறது, வெயில் ஏற ஏற வலுக்கும். அந்த மாதங்களில் விடியற்காலை மட்டும்தான் பழகுகிறவனுக்கு உரியது. மாரியில் மழை விடாது. காலபோக அருவி வெட்டு முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த காலம். ஆனால் வெட்டிய அடிக்கட்டையில் ஹெலியின் கால் சிக்கும், புழுதி மோட்டாருக்குள் போகும். ஒரு பிளைவுட் பலகையைக் கொண்டுபோய் விரித்து அதன் மேல் வைத்து எழுப்புங்கள். சாக்கோ படங்கோ விரிக்கக் கூடாது, விசிறிக் காற்றில் கிளம்பி மேலே வந்து சிக்கும். ஆட்காட்டிக் குருவி நிலத்தில்தான் முட்டையிடும். அது தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றுகிறது என்றால் வேறு வயலுக்குப் போங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வேறு ஊர் ஆள் ஒருவருக்கு இது தோன்றாது. ஹெலி சத்தம் போடும். எங்கள் சனம் அப்படிச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய சனம். 'வண்டு' என்று நாங்கள் சொன்ன அந்த வேவு விமானம் இரவு பகலாக மேலே சுற்றியதை முப்பது வயது தாண்டிய எவரும் இங்கே மறக்கவில்லை. நாங்கள் பழகும் வெளிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி இருக்கிறா. தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம் ஹெலியைக் கையில் கொண்டுபோய்க் காட்டினோம். திண்ணையில் இருந்தபடி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "எத்தினை மணிக்கு முடிப்பியள்?" என்று மட்டும் கேட்டா. "ஏழு மணிக்கு முதல் முடிச்சிடுவம் ஆச்சி" என்றோம். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறோம். நாங்கள் போகிற நாளில் அவ கதவைச் சாத்திக்கொண்டுதான் இருக்கிறா. அது அவவின் விருப்பம். அக்கம்பக்கத்தில் ஒரு வீடு வேண்டாம் என்றால் நாங்கள் இடத்தை மாற்றத்தான் வேண்டும், மறுபேச்சு இல்லை.

அனுமதி விஷயமும் அப்படித்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை நாடு முழுக்க ட்ரோன் பறக்கவிடுவதை நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். ரிமோட்டில் பறப்பது எதுவானாலும் இப்போதைய விதியை அந்தச் சபையிடமே கேளுங்கள், பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். முகாம், விமானத்தளம் இருக்கும் பக்கம் தலைவைக்க வேண்டாம். முகமாலைப் பக்கத்திலோ வேறெங்கிலுமோ கண்ணிவெடிக்கு எச்சரிக்கையாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, நாடா கட்டிய காணி இருந்தால் அதற்குக் கிட்டவும் வேண்டாம். ஹெலி அங்கே போய் விழுந்தால் அது போனதுதான். எடுக்கப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பற்றைக்குள் தெரியாத இரும்பு கிடந்தாலும் தொடக்கூடாது.

விசிறியையும் சும்மா நினைக்காதீர்கள். கையளவு ஹெலி விரலைக் கீறுவதோடு விடும். விசிறி 70 சென்ரிமீற்றர் அகலமான நடுத்தர ஹெலியில் அது நிமிடத்துக்கு 2,500 தரம் சுற்றினால் சிறகின் நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் போகிறது. அது விளையாட்டுச் சாமான் இல்லை. மோட்டாரைப் பூட்டி வைக்கும் சுவிட்ச் கொன்ட்ரோலரில் இருக்கும். ஹெலிக்குக் கிட்டப் போகும்போதும் கையில் தூக்கும்போதும் அது போட்டபடி இருக்க வேண்டும். விழப்போகிறது என்று தெரிந்தால் காப்பாற்றப் பார்க்காமல் அந்தச் சுவிட்சைப் போடுங்கள், சுற்றாமல் விழும் விசிறி குறைவாகவே உடைக்கும். பற்றரி பூட்டும் ஒழுங்கு இதுதான்: கொன்ட்ரோலரை முதலில் போடுங்கள், பிறகு ஹெலிக்குப் பற்றரி பூட்டுங்கள். கழற்றும்போது மறுபக்கமாக.

ஹெலிக்குப் பூட்டும் லிப்போ, அதாவது லிதியம் பொலிமர் பற்றரிக்கு ஒரு கலத்தில் 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும். நிறைந்தால் 4.2. மூன்றுக்குக் கீழே இறக்கினால் செத்துப்போகும், ஆகவே ஏறும் வலு குறைவது தெரிந்த உடனே இறக்கிவிடுங்கள். சில நாள் விடப்போவதில்லை என்றால் 3.8 அளவில் வையுங்கள். வீங்கிய பற்றரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. நல்லதுக்கும் சீமெந்து நிலத்தில், எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாமல், ஆள் இருக்கும்போது போடுங்கள். இரவு பூட்டிவிட்டுப் படுக்கிற பழக்கம் போனுக்கு இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

விழாமல் யாரும் பழகியதில்லை. ஆகவே ஹெலி வாங்கும்போதே மேல் விசிறிச் சிறகு ஒரு சோடி, வால் சிறகு, நடுத்தண்டு, பெரிய பல்லுச் சக்கரம் இவ்வளவையும் சேர்த்து எடுங்கள். இந்தச் சாமான் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது, தபாலில் வரும்வரை ஹெலி அலுமாரியில் இருக்கும். இன்னும் சொல்லப்போனால், உதிரிப்பாகம் தேடிப் பிடிக்க முடியாத ஹெலியை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து வரும் மாமாவிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். திருத்திப் பூட்டும்போது இரும்பும் இரும்பும் சேரும் ஆணிகளுக்கு நீலநிறப் பிடிபசை ஒரு துளி வையுங்கள், அதிர்வில் கழன்று போகாது. பிளாஸ்டிக்கில் போகும் ஆணிக்கு அது தேவையில்லை, வைத்தால் பிளாஸ்டிக் வெடிக்கவும் கூடும்.

திருத்தவே முடியாமல் உடைந்ததையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதன் சேர்வோவும் (சிறகின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டார்) பெரிய மோட்டாரும் வேலை செய்தால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த ஹெலிக்கு உதவும். நன்றி, வணக்கம்.