பிடிப்பு மாத்திரையும் ஐஸ்கிரீம் டப்பாவும்

வணக்கம் நேயர்களே. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. என் வேலைக்காலம் முழுவதும் நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால்தான் போனது. அங்கே திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த பேச்சு இது: "சும்மா பிடிப்புக்குத்தானேம்மா, இது ஒன்றும் பண்ணாது." அந்தப் பிடிப்பு மாத்திரையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்து நாம் வாங்கும் தசைத் தளர்ச்சி மாத்திரை. இடுப்பு பிடித்துக்கொண்டால், கழுத்து திரும்பாமல் போனால் கொடுப்பார்களே, அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை இன்று இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை உங்கள் முதுகுக்குப் போய் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை செய்கிறது. கனமான எதையோ தூக்கினீர்கள், முதுகில் எங்கோ அடிபட்டது. உடனே சுற்றியுள்ள தசைகள் அந்த இடத்தைக் காப்பாற்ற இறுகிக்கொள்கின்றன. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. மாத்திரை என்ன செய்கிறது என்றால், இறுக்கச் சொல்லும் நரம்பு மண்டலத்தையே மந்தப்படுத்துகிறது. ஒரு அறையின் விளக்கை அணைக்க வீட்டின் மெயின் சுவிட்சில் கை வைப்பது போல. தூக்கம் வருவதும் தலை சுற்றுவதும் நாக்கு குழறுவதும் அதனால்தான். மாத்திரை கெட்டுப்போனதால் இல்லை, உங்கள் உடம்பு பலவீனம் என்பதாலும் இல்லை.

இந்த மாத்திரைகள் ஒரே குடும்பமும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நமக்கு அதிகம் பழக்கமானது ஆர்ஃபெனட்ரினும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. பக்கவாதத்துக்கும் தண்டுவட நோய்க்கும் பிறகு கைகால் விறைத்துப்போகிறவர்களுக்கு பாக்லோஃபென் கொடுப்பார்கள். சில டாக்டர்கள் சில நாளைக்கு டயஸிபாம் எழுதுவார்கள். அப்புறம், சென்னைக்குப் போய்வரும் சொந்தக்காரர்கள் பெட்டியில் கொண்டுவரும் அட்டைகள் இருக்கின்றனவே, குளோர்சாக்ஸசோன், டைசானிடின், தயோகால்சிகோசைட் என்று, அவையும் இதே வேலைக்கு உள்ளவைதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. எல்லாவற்றையும் "பிடிப்பு மாத்திரை" என்ற ஒரே பெயரில் ஒரே டிராயரில் போட்டுவைப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். தைப்பூசக் காவடி முடிந்த வாரம். அந்த வாரம் கடையில் எப்போதும் கூட்டமாக இருக்கும். காவடி தூக்கிய பிள்ளைகள் கழுத்தைத் திருப்ப முடியாமல் வருவார்கள், கோயில் சமையலுக்குப் பெரிய அண்டா தூக்கிய அக்காமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பேத்தி தன் ஆயாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஆயாவுக்கு ஒரு வாரமாகப் பேச்சு தடுமாறுகிறது, பேத்தியை இறந்துபோன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இரவில் பாத்ரூம் போகும்போது இரண்டு தடவை விழுந்திருக்கிறார், சிறுநீர் சரியாகப் போகவில்லை. "வயசாகிவிட்டது ஆன்ட்டி, மறதி வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார்கள்" என்றாள் பேத்தி. அவள் வந்தது ஆயாவுக்கு ஞாபகசக்தி டானிக் கேட்க.

நான் டானிக் கொடுக்கவில்லை. வீட்டில் ஆயா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னேன். டாக்டர் கொடுத்தது, கிளினிக் கொடுத்தது, தங்கச்சி கொடுத்தது, தலையணைக்கு அடியில் இருப்பது, எல்லாமே. அரை மணி நேரத்தில் ஒரு இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவோடு திரும்பி வந்தாள். எந்தத் தமிழ் வீட்டில் அந்தக் காலி டப்பா இல்லை, சொல்லுங்கள். மசாலா இருக்கும், நூலும் ஊசியும் இருக்கும், இந்த வீட்டில் மாத்திரை இருந்தது.

கவுண்டரில் கொட்டினோம். சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று கிளினிக் கொடுத்த அமிட்ரிப்டிலின். முதுகுக்கு டாக்டர் எழுதிய ஆர்ஃபெனட்ரின், பாரசிட்டமால் கலந்தது. பக்கத்து வீட்டு அக்கா "எனக்குக் கேட்டது" என்று கொடுத்த கோடீன் கலந்த வலி மாத்திரை. அண்ணன் மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்த அட்டை, அதில் அசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால், குளோர்சாக்ஸசோன் மூன்றும் ஒன்றாக. ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரிலும், சிறுநீர் போக்கும் மாத்திரையும். தலைவலிக்கு கிராண்ட்-பா பவுடர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய டப்பா பனாடோ, அதாவது பாரசிட்டமால் மாத்திரை.

ஒவ்வொன்றையும் அன்போடுதான் கொடுத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சேர்த்துப் பாருங்கள். அமிட்ரிப்டிலினும் ஆர்ஃபெனட்ரினும் ஒரே மாதிரி வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிறுநீரை அடைக்கும், வயதானவர்களின் மூளையைக் குழப்பும். இரண்டும் சேர்ந்தால் அத்தனையும் கூடும். அதன்மேல் கோடீன், அதன்மேல் குளோர்சாக்ஸசோன். மூளையைத் தூங்கவைக்கும் மருந்து நான்கு, ஒரே உடம்பில். டாக்டருக்கு அங்கேயே போன் போட்டேன். அவர் சிலவற்றை நிறுத்தி, ஒன்றைக் குறைத்து, அன்றைக்கே ஆயாவை வரச்சொல்லிப் பார்த்தார். சில நாளில் பேத்தியைப் பேத்தி பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார் ஆயா. வந்தது மறதி நோய் இல்லை, மருந்து.

வயதானவர்களுக்கு ஆபத்தான மருந்துகள் எவை என்று அமெரிக்காவில் 1991-இல் மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் ஒரு பட்டியல் போட்டார். அதை இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஆர்ஃபெனட்ரின், குளோர்சாக்ஸசோன், மெத்தோகார்பமால், கரிசோப்ரடால் என்று பிடிப்பு மாத்திரைகள் வரிசையாக அதில் இருக்கின்றன. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுமானவரை வேண்டாம் என்றுதான் அது சொல்கிறது. ஏனென்றால் அவர்கள் விழுவார்கள், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். முதுகுவலிக்கு மாத்திரை சாப்பிட்டு இடுப்பு முறிந்து படுக்கையில் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை டாக்டரிடமோ மருந்துக்கடைக்கோ போகும்போது அந்த டப்பாவையே தூக்கிக்கொண்டு போங்கள். பெயர் எழுதிக்கொண்டு போகாதீர்கள், எழுதும்போது பாதி விட்டுப்போகும். பவுடர், இருமல் சிரப், சளி மாத்திரை, வேர், சூரணம், எல்லாவற்றையும் டப்பாவில் போடுங்கள். வெட்கமே வேண்டாம். மருந்தாளரின் வேலையே அதுதான்.

சரி, பாரசிட்டமால் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் நல்ல படிப்பு படித்தவர்களும் தவறுகிறார்கள். ஆர்ஃபெனட்ரின் கலந்த அந்த மாத்திரை ஒன்றில் 450 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்றால் 2.7 கிராம் ஆகிவிட்டது. வலி குறையவில்லை என்று நடுவில் பனாடோவையும் வேளைக்கு இரண்டு, மூன்று வேளை போட்டால் இன்னும் 3 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் எல்லையே 4 கிராம். கிராண்ட்-பா பவுடரிலும் பாரசிட்டமால் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கல்லீரல் கெடும்போது முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் பயங்கரம். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாரசிட்டமால் என்ற பெயர் இரண்டு பெட்டியில் இருந்தால் ஒன்றை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களே, இது உங்களுக்கு. புதிதாக மாத்திரை ஆரம்பிக்கும் நாளில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். முதல் மாத்திரையை இரவில், வீட்டில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். ஜேக்கப்ஸ், மொபேனி, ப்ராஸ்பெக்டன் ஆலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், சூப்பர்வைசரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டயஸிபாம் என்றால் இரவில் போட்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கும், வயதானவர்களுக்குப் பல நாள் தங்கும். நம் நாட்டுச் சாலைச் சட்டமும் மதுவை மட்டும் சொல்லவில்லை, மயக்கம் தரும் மருந்தின் பிடியில் ஓட்டுவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. டாக்டர் சீட்டு கையில் இருந்தாலும் கண் சொக்கினால் வண்டி போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

மதுவைப் பற்றி நான் நயமாகப் பேசப்போவதில்லை. கல்யாண வீடு, சனிக்கிழமை இறைச்சி சுட்டுச் சாப்பிடும் பிராய் விருந்து, ஒன்றே ஒன்று என்பார்கள். இந்த மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் அந்த ஒன்றும் கூடாது. மாத்திரை மூளையில் வேலை செய்கிறது என்று சொன்னேன் இல்லையா? மதுவும் அங்கேதான் வேலை செய்கிறது. கோடீனும் அங்கேதான். இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே மூச்சு மெதுவாகிவிடலாம். கோடீன் போன்ற வலி நிவாரண ஓபியாய்டுகளோடு தூக்கம் தரும் மருந்துகள் சேர்வது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தபோது, அதில் தசைத் தளர்ச்சி மருந்தையும் சேர்த்தே சொன்னது. இங்கே கோடீன் கலந்த மாத்திரையை மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே பெயர் எழுதிக்கொடுத்து வாங்கலாம். அதனால்தான் அதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம்.

சென்னை அட்டைகளைப் பற்றி இன்னொரு வார்த்தை. டைசானிடின் ரத்த அழுத்தத்தை இறக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினோடு அது சேரவே கூடாது. சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, ஆள் எழுந்து நிற்க முடியாமல் சாய்ந்துவிடுவார். சென்னையில் உங்கள் சித்தப்பாவுக்கு எழுதிய டாக்டருக்கு உங்கள் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. கண்ணில் நீர் அழுத்தம் இருக்கிறதா, புரோஸ்டேட் வீங்கியிருக்கிறதா, சிறுநீரகம் எப்படி என்று அவர் உங்களைக் கேட்கவில்லை. முதல் இரண்டும் உள்ளவர்களுக்கு ஆர்ஃபெனட்ரின் ஆகாது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு பாக்லோஃபென் உடம்பிலேயே தங்கிக் குழப்பத்தை உண்டாக்கும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை நாள் சாப்பிடுவது? சாதாரண முதுகுப் பிடிப்புக்கு என்றால் சில நாட்கள். மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வாரம், அதற்குமேல் டாக்டர் மறுபடி பார்க்காமல் தொடரக் கூடாது. 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். இடுப்புவலிக்கு இந்த மாத்திரைகள் முதல் இரண்டு வாரத்தில் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் நோயாளிக்குப் பெரிதாகத் தெரியாத அளவுதான், அதற்கான ஆதாரமும் வலுவில்லை என்றது அந்தக் கட்டுரை. ஆறு மாதமாக மீண்டும் மீண்டும் வாங்கிப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். பாக்லோஃபென் நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளில் நிறுத்தவே கூடாது. இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பே வரலாம். டயஸிபாமும் அப்படித்தான், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கிளினிக்கில் மருந்து தீர்ந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அட்டை காலியாகும் முன்பே போய்க் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். வீட்டில் செய்யும் உடற்பயிற்சி பற்றி நிறையத் தயார்செய்து வந்தேன், முடியவில்லை. ஒரே வரியில் சொல்கிறேன்: படுத்தே கிடக்காதீர்கள், வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மெதுவாக நடமாடுங்கள். புரட்டாசி விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் மாத்திரை நேரத்தை மருந்தாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள், பால் கொடுக்கிறவர்கள் கேட்காமல் ஒன்றும் போடாதீர்கள்.

கடைசியாக இது மிக முக்கியம். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், இரண்டு காலும் வலுவிழந்தால், அது பிடிப்பு இல்லை. மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்டவரை எழுப்பியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு இடைவெளி விட்டு வருகிறது என்றால் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 10177-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். கைபேசியிலிருந்து என்றால் 112. போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.