நாட்காட்டித் தாளில் நான்கு மடிப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வடசென்னைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் பின்னம் எனக்குப் பிடிபட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, வியாசர்பாடியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில். முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996-இல் மூடினார்களே, பெரம்பூரில், அதே மில்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது அவருக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். குளிக்கப் போகுமுன் நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார்.

உங்கள் கையருகே காகிதம் இருந்தால் நீங்களும் மடியுங்கள், பஸ் டிக்கெட்டானாலும் சரி. ஒரு மடிப்பு, அரை. இன்னொன்று, கால். மூன்றாவது, அரைக்கால். நான்காவதில் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. "அரைக்காலும் மாகாணியும் சேர்ந்தால் எத்தனை மாகாணி?" என்பார். தாளைப் பிரித்துக் கட்டங்களை விரலால் எண்ணி, மூன்று என்பேன். உடனே சரி என்று சொல்லமாட்டார். தானும் ஒருமுறை எண்ணுவார். தூக்கம் கண்ணைச் சொருகும், இருந்தாலும் எண்ணுவார்.

அவர் எண்ணினார் என்பதைத்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாடத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஒரு பிள்ளையின் விடைக்காகத் தன் தூக்கத்தைத் தள்ளிவைப்பது வீட்டில்தான் நடக்கும். நிறைந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையோடும் அப்படி உட்கார என்னால் முடிந்ததில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்து, எங்கள் தெருவிலும் மாலை வகுப்பு நடந்தது. மனம் நிறைந்துபோனது. பிள்ளையை அழைத்துப்போக வந்த பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: வீட்டுக்குப் போனதும், இன்று என்ன எழுதினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியாதே ஐயா என்றார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் அம்மாவின் கதையை வைத்திருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடந்தான் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மளிகைப் பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தை மடியில் வைத்து நீவி, வாசிக்கச் சொல்வார். ஏதோ வாரப் பத்திரிகைக் கதை, பாதியில் கிழிந்திருக்கும். "அப்புறம்?" என்பார். மீதியை நான்தான் கட்டிச் சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்.