துருவைப் படம் பிடித்த கதை

வணக்கம் மக்களே. பெரிய மிருகக்காட்சிசாலைகளை நான் எப்படித் திட்டுவேன் என்று பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குப் போனது ஒரு குட்டி இடம். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். அடிபட்டு மீட்கப்பட்ட உள்ளூர் உயிரினங்கள் மட்டும்தான். சிங்கம், புலி எதுவும் கிடையாது. எனக்கு அதுவே பிடித்துவிட்டது.

பிடிக்காதது அந்தத் துருப்பிடித்த கம்பி வலை. என் கேமராவின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே! உள்ளே உட்கார்ந்திருக்கும் கூகை ஆந்தையை விட்டுவிட்டு வலையைப் பளிச்சென்று பிடிக்கிறது. முழுசாக 15 நிமிடம் துருவைப் படம் எடுத்திருக்கிறேன். அப்புறம்தான் புத்தி வந்தது. ஆட்டோ ஃபோகஸை அணைத்து, ஜூமை முழுக்க இழுத்து, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, நன்றாகத் திறந்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையாலேயே திருப்பினேன். வலை கரைந்தே போனது! இந்த வருஷம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான், சிரிக்காதீர்கள்.

அப்போது கூகை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. உடம்பு அசையவில்லை. அந்த வெள்ளை முகம் மட்டும் மெதுவாகச் சுழன்று முதுகுக்கு நேர் மேலே வந்து நின்றது. அதன் கண்கள் நம்முடையதைப் போல உருளாது, கழுத்துதான் திரும்ப வேண்டும். அதற்கென்றே கழுத்தில் 14 எலும்புகள். நமக்கு 7தான்.

"பாவம், திறந்துவிடக் கூடாதா?" என்று கமெண்ட் வரும், தெரியும். அங்கேயே ஒருவர் அதைக் கேட்டார், கேட்டுக்கொண்டே வலையைத் தட்டினார்! அந்தக் கையைப் பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது. கூகை இருட்டில் சத்தமே இல்லாமல் பறந்து, காதால் கேட்டே எலியைப் பிடிக்கும் பறவை. இதற்கு இறக்கை எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. வெளியே விட்டால் பட்டினிதான்.

அட, மறந்தே போனேன், நுழைந்ததும் ஓர் ஆமை இருந்தது. ஓட்டில் விரிசல், ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஓடு என்ன, கழற்றி மாட்டும் சட்டையா? விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்ததுதானே அது. ஆக, அதற்கு எலும்பு முறிவு.

சரி, கூகைக்கு வருவோம். பராமரிக்கும் அக்கா உள்ளங்கையில் ஒரு கறுத்த உருண்டையைக் காட்டினார். கூகை கக்கியதாம். பிய்த்தால் ரோமத்துக்கு நடுவே ஒரு சின்ன மண்டையோடு, முன்பற்கள்கூட அப்படியே இருந்தன! கிட்டத்தில் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். பேட்டரி செத்துவிட்டது. எல்லாச் சார்ஜையும் அந்தத் துரு தின்றுவிட்டதே.