அறிவினாவும் அறியாவினாவும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், வேலை முடிந்த அலுப்போடும் இந்த வாசகர் வட்டத்திற்கு வந்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

வினா ஆறு வகைப்படும் என்று பள்ளியில் நன்னூல் வழியாகப் படித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்றைய பேச்சுக்கு அவற்றுள் முதல் இரண்டு போதும். விடையைத் தாம் அறிந்திருந்தும், மாணவர் அறிந்திருக்கிறாரா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காக மாணவர் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. மர்மத் தொலைக்காட்சித் தொடர்கள்மீது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறையை இந்த இரண்டு சொற்களைக் கொண்டுதான் சரியாகச் சொல்ல முடிகிறது. தமக்கே விடை தெரியாத கேள்விகளை, தெரிந்தவர்கள் கேட்பதுபோல் கேட்டு, நம்மை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள் என்பதே என் முறையீடு.

2004 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லாஸ்ட்’ தொடரையே எடுத்துக்கொள்கிறேன். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் விமானம் ஒரு தீவில் நொறுங்கி விழுகிறது. பிழைத்தவர்கள் எழுந்து நிற்பதற்குள் காட்டில் ஏதோ ஒன்று மரங்களைச் சாய்த்துக்கொண்டு வருகிறது. வெப்பமண்டலத் தீவில் பனிக்கரடி பாய்கிறது. பின்னர் 4, 8, 15, 16, 23, 42 என்ற ஆறு எண்கள் வருகின்றன. அவற்றை வைத்து லாட்டரியில் வென்றவரைத் துன்பம் விடாமல் துரத்துகிறது. அதே எண்கள் நிலத்தடி அறையின் மூடியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே உள்ள கணினியில் 108 நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றைத் தட்டாவிட்டால் பேரழிவு வரும் என்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன். 108 வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இவ்வளவு கணக்காகக் கேட்பவர்களிடம் விடையும் கணக்காக இருக்கும் என்று முழு மனத்தோடு நம்பினேன்.

பனிக்கரடிக்கு விடை கிடைத்தது. ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டவை அவை. அதை மறைத்துக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த ஆறு எண்களும் தீவின் காவலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் குறிப்பதாகக் கடைசி சீசனில் காட்டினார்கள். ஆனால் அவை ஏன் ஒரு மனிதனின் வாழ்வைக் குலைக்க வேண்டும் என்பதைத் தொடருக்குள் எவரும் சொல்லவில்லை.

என்னை மிகவும் வருத்தியது இதைவிடச் சிறிய ஒரு காட்சி. 2009ஆம் ஆண்டு, ஐந்தாம் சீசன். தீவில் இருக்கும் சாயர், ஜூலியட், லாக் முதலிய ஆறு பேர் காலத்தில் முன்னும் பின்னுமாகத் தூக்கியெறியப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரையில் கிடந்த ஒரு படகை எடுத்துக்கொண்டு துடுப்புப் போட்டுச் செல்கையில், பின்னால் இன்னொரு படகு விரட்டி வருகிறது, அதிலிருந்து சுடுகிறார்கள். ஜூலியட் திரும்பிச் சுடுகிறார். அங்கே ஒருவர்மீது குண்டு பட்டதுபோல் தெரிகிறது. அதற்குள் கண்ணைப் பறிக்கும் ஒளி பரவி, ஆறு பேரும் வேறொரு காலத்தில், இரவில், கொட்டும் மழைக்கு நடுவே இருக்கிறார்கள். காலப் பயணக் கதையில் இது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று எண்ணிப் பாருங்கள். பின்னொரு நாள் இதே காட்சியை விரட்டிய படகிலிருந்து பார்ப்போம், குண்டு பட்டவர் நமக்கு வேண்டியவராகக்கூட இருக்கலாம் என்று நெஞ்சு பதைக்கிறது. 2010 மே 23 அன்று தொடர் முடிந்தது. அந்தப் படகில் இருந்தவர்கள் யார் என்று கடைசிவரை காட்டப்படவே இல்லை.

எழுத்தாளர்களை மட்டும் பழிப்பது முறையன்று. ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், எந்த ஆண்டில் முடியும் என்பதும் தெரியாது என்ற ஏற்பாட்டில், முடிச்சை அவிழ்ப்பவருக்குப் பிழைப்பில்லை. புது முடிச்சுப் போடுபவருக்கே இடம். ‘லாஸ்ட்’ 2010இல் முடியும் என்று அறிவிப்பு வந்தது 2007 மே மாதத்தில், மூன்றாம் சீசன் முடியும் தறுவாயில். அதே 2007இல், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே. ஜே. ஆப்ரம்ஸ் ஒரு மேடையில், மாயவித்தைக் கடையில் வாங்கித் தாம் இன்னும் திறக்காமல் வைத்திருக்கும் பெட்டியைக் காட்டி, திறக்காததில்தான் அதன் அழகு என்ற பொருளில் பேசினார். பெட்டி அவருடையது, திறக்காமலிருப்பது அவர் உரிமை. ஆனால் பெட்டியை நம் கையில் கொடுத்து, அடுத்த வாரம் திறப்போம் என்று ஆறு ஆண்டுகள் சொல்லிவந்தால், உள்ளே என்ன என்று கேட்கும் உரிமை நமக்கும் வந்துவிடுகிறது.

விடை சொன்னால் சுவை போய்விடும் என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. ஜெர்மனியின் ‘டார்க்’ தொடர் 2017 முதல் 2020 வரை 26 அத்தியாயங்களில், நான்கு குடும்பங்களின் தலைமுறைச் சிக்கலைக் கட்டி, பெரும்பாலும் அவிழ்த்தும் காட்டியது. முடிவு தெரிந்த பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதே படைப்பாளிகளின் ‘1899’ எட்டே அத்தியாயங்களோடு 2023 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அங்கே விடை சொல்ல வேண்டியவர்களின் வாயே அடைக்கப்பட்டுவிட்டது, அது வேறு வகைத் துயரம்.

‘லாஸ்ட்’ தொடரை நடத்திய டேமன் லிண்டலாஃப் பின்னர் ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ தொடரில், உலக மக்களில் நூற்றுக்கு இருவர் ஒரே நொடியில் மாயமாய் மறைந்துபோன கதையைச் சொன்னார். ஏன் மறைந்தார்கள் என்பது இறுதிவரை நிறுவப்படவில்லை. ஆயினும் எனக்கு அதில் மனக்குறை இல்லை. அந்தக் கேள்வியைக் கதைமாந்தரே தெரியாமல் கேட்கிறார்கள். படைப்பாளியும் தெரிந்ததுபோல் நடிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில், மறைந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்வந்ததாக நோரா என்ற பெண் மேசையருகே அமர்ந்து தன் காதலர் கெவினிடம் சொல்கிறார். அதற்குச் சாட்சியாக ஒரு காட்சியும் காட்டப்படுவதில்லை. கெவின் நம்புகிறேன் என்கிறார்.

இந்த வகைத் தொடர்களுக்கு முன்னோடியான ‘ட்வின் பீக்ஸ்’ தொடரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. கதையில் கொலையுண்ட பெண்ணான லாரா பால்மரைக் கொன்றது யார் என்பதை, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லின்ச் வெளியிட விரும்பவில்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்குதலால் 1990 நவம்பரில் வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே தொடர் நின்றது. 2017இல் மீண்டும் வந்தபோது, லாராவைப் போன்ற பெண் ஒருத்தியைத் துப்பறிவாளர் கூப்பர் லாராவின் பழைய வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இருவரும் தெருவுக்குத் திரும்பி வந்து நிற்கிறார்கள். எல்லாம் அறிந்தவராக நாம் நம்பிய கூப்பர் தடுமாறிக் குனிந்து, இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.