ஐவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

(சேலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சேலத்துப் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் வைத்திருப்பவர்கள் ஐவர்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். இந்த ஐவரும் சம்மதிக்கும்வரை அந்த அவையைச் சீர்திருத்தக் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944-இல், இதே ஊரில். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு வளர்ந்த கட்சி அது. அந்தக் கோரிக்கையோடு லண்டன் வரை போய் வாதாடியவர்களில் ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். 1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவரும் அவரே. நாடு அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது என்பது தனி வேடிக்கை.

அந்த ஆண்டு ஐ.நா.வில் 51 நாடுகள் சேர்ந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து நான்கே நான்கு. இன்று உறுப்பினர்கள் 193, ஆப்பிரிக்காவில் மட்டும் 54. ஆனாலும் பாதுகாப்பு அவையில் ஆப்பிரிக்காவுக்கோ லத்தீன் அமெரிக்காவுக்கோ ஒரு நிரந்தர இடம்கூட இல்லை. அவையில் உண்மையான பேரம் நடப்பது கேமராக்களுக்கு முன்னால் இருக்கும் குதிரைலாட மேசையில் அல்ல. பக்கத்து ஆலோசனை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். அங்கே அதிகாரபூர்வப் பதிவேடும் கிடையாது. ஆப்பிரிக்கச் சண்டைகள் பற்றிய தீர்மானங்களில் பெரும்பாலானவற்றின் வரைவை அமெரிக்காவோ பிரிட்டனோ பிரான்ஸோதான் எழுதுகிறது. தேர்தலில் வென்று அவையில் ஈராண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகிற மற்ற நாடுகள் அதில் எத்தனை வரியைத் திருத்திவிட முடியும்?

“ஐவரும் ஒப்பாமல் சாசனத்தைத் திருத்த முடியாதே” என்பீர்கள். 108-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 1963 டிசம்பரைப் பாருங்கள். அவையை 11-லிருந்து 15 ஆக்கும் தீர்மானம் பொதுச்சபைக்கு வந்தது. சோவியத்தும் பிரான்ஸும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் நடுநிலை என்று ஒதுங்கின. ஐவரில் ஆதரித்தது, சீனாவின் இடத்தில் அப்போது அமர்ந்திருந்த தைவான் அரசு மட்டும். புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சிதறாமல் நின்றன. 97 வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது. 1965 ஆகஸ்டுக்குள் ஐவருமே ஒப்புதல் தந்துவிட்டார்கள்! இத்தனை நாடுகளைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

2005-இல் அந்த ஒற்றுமை இல்லை. வீட்டோ அதிகாரத்துடன், அதாவது ஒரு தீர்மானத்தைத் தனியொரு நாடாகவே தடுக்கும் உரிமையுடன், இரண்டு நிரந்தர இடங்கள் வேண்டும் என்றது ஆப்பிரிக்க ஒன்றியம். தங்களுக்கும் நிரந்தர இடம் கேட்ட இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் நால்வரும் வீட்டோவை 15 ஆண்டுகள் தள்ளிவைக்கத் தயார் என்றார்கள். பேச்சு முறிந்தது. இத்தாலி, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் ‘காபி கிளப்’ அணியோ புதிய நிரந்தர இடமே கூடாது என்று நின்றது. சேர்வராயன் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு காபியைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. கிளப்பை மட்டும் சொல்கிறேன்.

2024-இல் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர இடங்கள் தரலாம், வீட்டோ கிடையாது என்றது அமெரிக்கா. பந்தியில் உட்கார வைத்து இலை போடாத கதை இது. இந்தியா இதற்குத் தலையாட்டக் கூடாது. சாசனத்தைத் திருத்தப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 129 வாக்குகள். அதில் 54 ஆப்பிரிக்காவின் கையில் இருக்கிறது. ஆப்பிரிக்கா கேட்டதை, கேட்டபடியே, புது தில்லி முதலில் முன்மொழியட்டும். நம் பெயர் அதற்குக் கீழே வந்தால் போதும்.