அறுத்தால் துளிர்க்கும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். மண்ணிலும் நீரிலும் இருந்து எடுப்பது முதல்நிலைத் தொழில், எடுத்ததைப் பொருளாக்குவது இரண்டாம்நிலை, ஏற்றி இறக்கி விற்பது மூன்றாம்நிலை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எடுத்தது திரும்ப முளைக்குமா என்று மட்டும் பாடத்தில் கேள்வி வராது. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்த ஊர், தாமிரபரணிக் கரையில் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். பாய் நெய்கிற ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், எங்களோடு ஆற்றங்கரை வரைக்கும் நடந்து வந்தார். பாய்க்கான கோரைப்புல் இடுப்பளவு நின்றது. ஒரு பையன் ஆசையாக ஒரு தண்டைப் பிடித்து வேரோடு இழுத்துவிட்டான். அந்த அம்மா பதறிப்போனார். "ஏ ராசா, பிடுங்காதய்யா. அறுத்தாத் துளுக்கும். பிடுங்கினா அந்த எடம் மொட்டைதான்" என்றார்.

அறுத்தால் துளிர்க்கும். ஒரு வருஷப் பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த அரிவாள் வெட்டு முதல்நிலைத் தொழில். அப்புறம் கோரையைக் கிழித்து வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, நூல் மாதிரி வகுந்து, சாயமேற்றித் தறியில் கொடுக்கிறார்கள். பட்டுப்பாய் என்றால் துணி போல மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கல்யாணத்துக்கு வாங்குவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. புல், ஆற்றுத் தண்ணீர், வெயில், ஆள் கை: இவ்வளவுதான் மூலதனம். அடுத்த பருவத்துக்கு ஆற்றங்கரையில் கோரை மறுபடி நிற்கும்.

சரி, இப்போது மணலுக்கு வருகிறேன். மணல் துளிர்க்காது. வெள்ளம் மலையிலிருந்து உருட்டி உருட்டிக் கொண்டுவந்து சேர்த்தது அது. சேர்ந்த வேகம் வேறு, லாரி அள்ளுகிற வேகம் வேறு. மணல் வெறும் கட்டடச் சாமான் இல்லை. ஆற்றுக்கு அதுதான் பஞ்சு. மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கசியவிடுவது அதுதான். நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர், ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளில் மணல் வடிகட்டித் தந்தது. படுகை தாழ்ந்தால் கிணற்றிலும் தண்ணீர் இறங்கும், கரையில் நிற்கிற கோரையின் வேருக்கும் ஈரம் எட்டாது. மணல் போனால் பாயும் போகும். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள 5 ஆண்டு தடை போட்டபோது, என் வகுப்பில் அன்றைக்கு வேறு பாடமே நடக்கவில்லை.

அப்படியானால் பெரிய தொழிலே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மலையடிவாரத்துப் பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீர் விழுகிற வேகத்தில்தான் பஞ்சாலை ஓட்டினார்கள், பிறகு மின்சாரமும் எடுத்தார்கள். சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் மறுபடி ஆற்றில்தான் விழுகிறது. கீழே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து விவசாயி அதே தண்ணீரில் நாற்று நடுகிறார். ஆனால் ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதே ஆற்றில் விழுந்தால் கணக்கு மாறிவிடும். எடுப்பதற்குச் சொன்னதுதான் விடுவதற்கும்: ஆறு ஈடுகட்டுகிற அளவோடு நிற்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. தூத்துக்குடி உப்பளம் கடலையும் வெயிலையும் நம்பி நடப்பது, கயத்தாற்றுக் காற்றாலை ஆனி ஆடிக் காற்றை நம்பி நடப்பது. இரண்டையும் விரிவாகச் சொல்லத்தான் எழுதிவந்தேன், இன்னொரு நாள் பார்க்கலாம். நாளைக் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள். கடைசிப் படிக்குக் கீழே மணல் இருக்கிறதா, பாறை தட்டுகிறதா என்று காலால் தடவிப் பாருங்கள்.

வணக்கம்.