வாளுறையில் ஒரு பூனை

அனைவருக்கும் வணக்கம்.

அலங்கார ஜப்பானிய வாள் என்றதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிற வாளாகத்தான் இருக்கும். கறுப்பு உறை, அதைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு டிராகன், பிடியில் சிவப்புக் கயிறு. விற்கிறவர்கள் கூடவே ஒரு விளக்கமும் தந்துவிடுகிறார்கள். டிராகன் என்றால் வலிமை, செர்ரிப் பூ என்றால் நிலையாமை, தும்பி என்றால் வெற்றி. ஆளுக்கொரு சொல், கதை முடிந்தது.

அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலை நம்பி ஒரு நல்ல பழைய வாளைப் பார்க்கப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். ஓர் உருவம் வாளில் எந்த இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கே போனார், இதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு அர்த்தம் வருகிறது. பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு வாளையே எடுத்துக்கொள்வோம்.

நாரா நகரில் கசுகா தைஷா என்ற ஆலயம் இருக்கிறது. 768-இல் நிறுவப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய அரசவையைப் பல தலைமுறை கையில் வைத்திருந்த புஜிவாரா குலத்தாரின் குலதெய்வக் கோயில் அது. அங்கே 12-ஆம் நூற்றாண்டு வாள் ஒன்று தேசியப் பொக்கிஷமாகக் காக்கப்படுகிறது. உறை முழுக்கத் தங்கப் பொடி தூவிய அரக்கு. அந்தத் தங்கத் தரையில் சிப்பியை வெட்டிப் பதித்து ஒரு மூங்கில் தோப்பு செய்திருக்கிறார்கள். தோப்பில் சிட்டுக்குருவிகள். குருவிகளின் பின்னால் ஒரு பூனை. உறையின் நீளத்தில் கண்ணை ஓட்டினால் அதே பூனை திரும்பத் திரும்ப வருகிறது. ஓரிடத்தில் குறி பார்க்கிறது, இன்னோரிடத்தில் பாய்கிறது, அப்புறம் குருவி அதன் வாயில்.

புலி இல்லை, சிங்கம் இல்லை. பூனை! விளக்கப் பட்டியலில் பூனைக்கு இடமே கிடையாது. அப்படியானால் இது என்ன சின்னம்?

அந்தக் காலத்தில் பூனை நம் தெருப் பூனை மாதிரி கிடையாது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த பூனைகளுக்கு அரண்மனையில் தனி மதிப்பு. கழுத்தில் கயிறு கட்டி வளர்த்தார்கள். இந்த வாளோடு ஆய்வாளர்கள் சிலர் ஒருவரின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: புஜிவாரா நோ யோரினாகா (1120–1156). படிப்பாளி, கண்டிப்பானவர், அரசியலில் பலரைப் பகைத்துக்கொண்டவர். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அதில் தன் சிறுவயதுப் பூனையைப் பற்றி எழுதியிருக்கிறார். பூனைக்கு உடம்பு முடியாமல் போனபோது ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் தெய்வத்தின் படத்தை வரைந்து, இது பிழைத்துப் பத்து வருடம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். பூனை பிழைத்தது, பத்து வயதுவரை இருந்தது. செத்ததும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் புதைத்தார். அதே மனிதர் 1156-இல், ஹோகென் கலகத்தில், அம்பு பட்டுச் செத்தார்.

வாளைக் கோயிலுக்குக் கொடுத்தது அவர்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் பூனையை இப்படிக் கூர்ந்து பார்த்தவர்கள் அந்த அரசவையில் இருந்தார்கள் என்பதற்கு அந்த நாட்குறிப்பு போதும். சில ஆண்டுகளுக்கு முன் இந்த வாளுக்கு ஒரு நகல் செய்தார்கள். சிப்பி வேலையைச் செய்தவர் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று ஜப்பானிய அரசு மதிக்கும் கிதாமுரா ஷோசாய். அதற்காக மூலத்தை எக்ஸ்ரே கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அதன் உலோக அணிகள் ஏறக்குறைய சுத்தத் தங்கம் என்று தெரிந்தது. சுத்தத் தங்கம் எவ்வளவு மெத்தென்றிருக்கும் என்று நகை வாங்குகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சண்டைக்குப் போகிறவன் அதைப் பூட்டிக்கொண்டு போக மாட்டான். சிப்பியும் சாதாரணச் சிப்பி இல்லை. தெற்கே வெகுதூரத்துத் தீவுகளின் கடலில் கிடைக்கும் பெரிய கடல்நத்தையின் ஓடு. ஆக, பூனை என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால் தங்கமும் சிப்பியும் பேசிவிடுகின்றன: இதைக் கட்டியிருப்பவன் கப்பல் வரவழைக்கக் கூடியவன். அதற்குப் பிறகு பூனை வேட்டையாடிக் காட்டுகிறது, அதுவும் ஒரு விளையாட்டு போல. அந்த வர்க்கத்துக்கு அது ரொம்பப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இது பிரபுக்களின் வாள். சாமுராய்களுக்கு வருவோம்.

1603-இல் தொடங்கிய தோகுகாவா ஆட்சி 1868 வரை நீடித்தது. அதில் பெரும்பகுதி போர் இல்லாத காலம். இடுப்பில் இரண்டு வாள் தொங்கும், உருவ வேண்டிய வேளையே வராது. அலங்காரம் உச்சத்துக்குப் போனது இந்தக் காலத்தில்தான். ஆனால் எல்லா இடத்திலும் போக முடியாது. எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குப் பணிக்குப் போகிற சாமுராய்க்கு வாளின் தோற்றம் விதிப்படி இருந்தாக வேண்டும். உறை கறுப்பு அரக்கு. பிடியில் வெள்ளைத் திருக்கைத் தோல், அதன் மேல் கறுப்புப் பட்டுக் கயிறு. உலோக அணிகளில் குலச்சின்னம் இருக்கலாம், அதற்கு மேல் அடக்கம். திருக்கைத் தோல்கூட ஜப்பானில் அவ்வளவாகக் கிடைக்காது. சயாம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் மனுஷன் எங்கே தன்னைக் காட்டிக்கொள்வான்? சின்னச் சின்ன இடங்களில்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் த்சுபா என்ற தடுப்புத் தகடு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பிடிக் கயிற்றுக்குள் பாதி புதைந்திருக்கும் மெனுகி என்ற குட்டி உருவங்கள். உறையின் பக்கத்தில் செருகி வைக்கும் சின்னக் கத்தியின் பிடி. வேலை முழுக்க அங்கே போய்ச் சேர்ந்தது.

ஒரு தகட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உருவங்களுக்குப் பின்னால் தரை கறுப்பாக, மணல் தூவியது போல இருக்கும். லென்ஸ் வைத்தால் அத்தனையும் உருண்டை உருண்டையான புள்ளி, மீன்சினை வரிசையாக ஒட்டியிருப்பது மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் முனையில் குழி உள்ள உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி எழுப்பியது. அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரு புள்ளி கோணினால் அந்த வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு நிறமும் சாயம் இல்லை. செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்த்த ஷகுதோ என்ற கலப்பு உலோகம் அது. மெருகேற்றி, துருவிய முள்ளங்கியைத் தடவி, செம்புச் சத்துள்ள கரைசலில் கொதிக்க வைத்தால் நீலம் ஓடும் கறுப்பு தானாக மேலே வரும். உள்ளே தங்கம் இருக்கிறது, வெளியே கறுப்பாகத் தெரிகிறது. அடக்கத்தைக் கட்டாயமாக்கிய ஒரு சமூகத்துக்கு இதைவிடத் தோதான உலோகம் கிடைக்காது.

இந்த வேலையில் கோத்தோ குடும்பம் பெரிய பெயர். அதன் முதல் தலைமுறை கோத்தோ யூஜோ (1440–1512). பதினேழு தலைமுறையாக ஆட்சியாளர்களுக்கே வேலை செய்தார்கள். டிராகனும் சிங்கமும் அவர்கள் கைப்பட்டால் ஒரு மரியாதையோடு நிற்கும். பிற்காலத்தில் யோகோயா சோமின் (1670–1733) அந்த அரண்மனை வழியை விட்டு ஊருக்குள் வந்து, உளியைத் தூரிகை போல ஓட்டினார். காசுள்ள வணிகர்களுக்குப் பெரிய வாள் கட்ட அனுமதி இல்லை, சின்ன வாள் கட்டலாம். அந்தச் சின்ன வாளில் அவர்கள் கொட்டிய காசைப் பார்த்தால் பல சாமுராய்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

இப்போது சின்னங்களைச் சேர்த்துப் படிக்கிற விஷயம். ஒரு வாளில் தகட்டில் வெறும் சுரைக்குடுக்கை மட்டும் இருக்கும். சின்னக் கத்தியின் பிடியில் ஒரு குதிரை பாயும். தனித்தனியாகப் பார்த்தால் சுரைக்காய், குதிரை, அவ்வளவுதான். சேர்த்தால் சீனத்துச் சித்தர் ஒருவரின் கதை. ஜப்பானில் சோகாரோ என்பார்கள். தன் குதிரையைக் குடுக்கைக்குள் அடைத்து எடுத்துப் போய், வேண்டும்போது வெளியே விடுவாராம். கதையின் நாயகரை வேண்டுமென்றே வரையாமல் விட்டுவிடுவார்கள். கதை தெரிந்தவன் பார்த்துச் சிரிப்பான், தெரியாதவன் தாண்டிப் போவான். இதில் ‘சுரைக்காய் என்றால் செழிப்பு’ என்று விளக்கம் சொன்னால் விருந்தில் வேடிக்கைப் பேச்சுக்கு உரை எழுதின கதைதான்.

தும்பியைப் பாருங்கள். அது முன்னால்தான் பறக்கும், பின்வாங்காது என்று நம்பி வெற்றிப் பூச்சி என்றார்கள். கவசத்திலும் தகட்டிலும் பொறித்தார்கள். ஆனால் தோகுகாவா தளபதி ஹோண்டா தடகாட்சுவின் புகழ்பெற்ற ஈட்டியின் கதையில், கூர்முனையில் வந்து உட்கார்ந்த தும்பி இரண்டு துண்டாகிவிடுகிறது. அதனால்தான் ஈட்டிக்கே தொம்போகிரி, அதாவது தும்பிவெட்டி, என்று பெயர். அங்கே வெற்றிப் பூச்சி வெட்டுப்பட்ட பூச்சி!

டிராகனும் அப்படித்தான். தகட்டில் மேகத்துக்குள் நெளிகிற டிராகன் வேறு. அலகிலேயே செதுக்கிய டிராகன் வேறு. அலகில் இருப்பது பெரும்பாலும் ஒரு நேர்வாளைச் சுற்றிக்கொண்டு, அதன் முனையை விழுங்கப் பார்க்கும். குரிகாரா என்பார்கள். அது ஃபுடோ என்ற காவல் தெய்வத்தின் வாள். சமஸ்கிருதத்தில் அசலன் என்று வழங்கும் அதே தெய்வம், பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தவர். பக்கத்தில் சில சமயம் ஓர் எழுத்து இருக்கும், சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் அவருடைய பீஜ மந்திரம். 806-இல் சீனாவிலிருந்து திரும்பிய கூகாய் என்ற துறவி அந்த எழுத்துக் கல்விக்கு முக்கிய காரணம். அது பிராமியின் வழி வந்தது; நம் தமிழ் எழுத்தின் வேரும் அங்கேதான். இந்தச் செதுக்கல் யாரும் பார்ப்பதற்காக இல்லை, உறைக்குள்தான் கிடக்கும். உடையவனுக்கும் தெய்வத்துக்கும் நடுவிலான விஷயம். இரும்பில் விழுந்த குறையை மறைக்கச் செதுக்கியதும் உண்டு. பக்தியோடு கொஞ்சம் சாமர்த்தியம்.

பிறகு ஏன் இந்த ஒற்றைச் சொல் விளக்கங்கள் வந்தன? என் கணிப்பு இது. 1876 மார்ச்சில் வாள் கட்டிப் பொதுவெளியில் நடக்கக் கூடாது என்று அரசு ஆணை போட்டது. ராணுவத்துக்கும் காவல் துறைக்கும், அரசு விழாக்களின் சம்பிரதாய உடைக்கும்தான் விலக்கு. வாள்களைக் கழற்றினார்கள். தகடுகள் தனியாக, மெனுகிகள் தனியாக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போயின. பாஸ்டனிலும் லண்டனிலும் அருங்காட்சியகப் பெட்டிகளில் வெறும் தகடுகளை வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். தாலிக்கொடியிலிருந்து ஒரு குண்டை மட்டும் கழற்றி மேசையில் வைத்தால் அது எந்தக் குடும்பத்தது, எந்த ஊர் வழக்கம் என்று யார் சொல்ல முடியும்? தங்கம், உருண்டை என்றுதான் எழுதி வைப்பார்கள்.

வேலை போன கலைஞர்களில் எல்லாரும் நொடித்துவிடவில்லை. கானோ நாட்சுவோ (1828–1898) வாள் அணிகளில் தேர்ந்தவர். ஆணை வருவதற்கு முன்பே, தோகுகாவாவுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு புதிய நாணயங்களை வடிவமைக்க அவரை அழைத்தது. 1870 என்று பொறித்த ஒரு யென் வெள்ளிக் காசில் இருக்கும் டிராகன் அவருடையது. வாளில் ஒருவனின் இடுப்பில் இருந்த உருவம் இப்போது அரசாங்கத்தின் முகம். அந்த வெள்ளி யென் பினாங்கு, சிங்கப்பூர் சந்தைகளிலும் புழங்கியது. அங்கே தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களின் கைகளிலும் அந்த டிராகன் பட்டிருக்கும்.

செர்ரிப் பூவைக் கடைசிக்கு வைத்தேன். 1934-இல் ஜப்பான் ராணுவம் அதிகாரிகளுக்குப் பழைய பாணியில் ஒரு புதிய வாளை ஏற்படுத்தியது. தகட்டிலும் பிடியிலும் உறையிலும் செர்ரிப் பூ. அணிகளெல்லாம் தொழிற்சாலையில் வார்த்துத் தள்ளியவை, எல்லா வாளிலும் ஒரே பூ. தனிமனிதனின் ரசனைக்கு அதில் அதிக இடம் இல்லை. பேரரசருக்காக உதிர்கிறவன் வீரன் என்பதை அந்தப் பூவில் ஏற்றியிருந்தார்கள். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் வந்தது அந்த வாள். அங்கிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. அந்த முகாம்களில் அதிகாரியின் இடுப்பில் தொங்கிய பூவுக்கு நிலையாமை என்று யாரும் அர்த்தம் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பேச எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.